புத்தகத்தின் பன்னிரண்டாவது கரடி

எல்வியா பூப்பியாலெஸுக்குக் கரடி என்றால் ஆகாது. அவளுடைய மலையூரான ரூமிலோமாவில் இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஒன்பது வருடமாக மாதம் ஒரு தடவை பாரமோ என்று சொல்லும் மலையுச்சிப் புல்வெளிக்கு ஏறிப்போய், காட்டு விளிம்பில் மரங்களில் கட்டியிருக்கும் கேமராப் பெட்டிகளுக்கு பேட்டரி மாற்றி, அவற்றில் விழுந்த கரடிப் படங்களை இறக்கிக்கொண்டு வருபவள் அவள்தான். மேலே புல், மூடுபனி, கணுக்கால் புதையும் சேறு. ஏற்றம் நாலு மணி நேரம், இறக்கம் மூன்று. அவள் முட்டிகளுக்கு இறக்கத்தைக் கண்டால்தான் பயம்.

"பிடிக்காமலா இத்தனை வருஷம் போற?" என்று கேட்பார்கள்.

"பிடிச்சவங்கல்லாம் மூணே வருஷத்துல போயிட்டாங்க. பிடிக்காதவதான் மிச்சம்," என்பாள்.

பிடித்தவர்கள் என்று அவள் சொல்வது பல்கலைக்கழகத்துக்காரர்களை. கரடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தார்கள், கரடியைக் கண்டால் கண்ணில் நீர் விட்டார்கள், ஆராய்ச்சி முடிந்ததும் போய்விட்டார்கள். பெட்டிகள் மட்டும் மரத்திலேயே தங்கிவிட்டன. எல்வியா ஊர்க் குடிநீர்க் குழாயின் தலைமடையைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தவள். எப்படியும் மேலே போகிறவள்தானே என்று அதையும் அவள் தலையில் கட்டினார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. அவள் வாழ்க்கையில் முக்கால்வாசிக் காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

பத்தொன்பது வயதில் ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனதும் அப்படித்தான். பன்னிரண்டு வருடம் குளிர்ந்த கொட்டகையில் நின்றபடியே பூக்களைத் தரம் பிரித்தாள். திரும்பி வரும்போது அவள் கொண்டுவந்தவை இரண்டு: தேய்ந்துபோன முட்டிகள், ஒன்றுபோல இருக்கிற ஆயிரத்தில் எது வேறு என்று கண்டுபிடிக்கும் கண். முட்டிக்கு மருந்து கிடைக்கவில்லை. கண்ணுக்கு வேலை கிடைத்தது. அந்தப் பக்கத்துக் கரடிகளுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். ஒரு கரடிக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. ஒன்றுக்கு முழு வட்டம், ஒன்றுக்குப் பாதி, ஒன்றுக்கு மூக்கிலிருந்து தாடைக்கு வழிந்த கோடு. பல்கலைக்கழகத்துப் பையன்கள் அளவுகோல் வைத்து ஒரு மணி நேரம் தேடியதை அவள் அடுப்பில் கிழங்கு வேகிற நேரத்துக்குள் சொல்லிவிடுவாள்.

ஊர்ப் புத்தகத்தில் கரடிகள் ஏறியது வேறு கதை.

ரூமிலோமாவில் நிலத் தகராறு, தண்ணீர் முறை, யார் யார் ஊர்க்காரர் என்பதெல்லாம் ஒரு தடித்த புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி வைப்பார்கள். அவள் பெட்டிகளைப் பார்க்கத் தொடங்கிய வருடமே யாரோ ஒருவன் போனில் ஒரு படத்தை ஊர் முழுக்க அனுப்பினான்: சோளக்காட்டில் பழுப்பு நிறத்தில் மலைபோல ஒரு கரடி. ஊரே தடியோடு மூன்று நாள் காவல் காத்தது. நான்காம் நாள் அது கனடாக் கரடி என்று தெரிந்தது. அந்த வெட்கத்தில் கூடிய சபையில் எல்வியாதான் எழுந்து, "போன்ல இருக்கறது பேச்சு. தாள்ல இருக்கறதுதான் சாட்சி. தாளா கொண்டுவந்தா ஏத்துக்குவோம்," என்றாள். பொதுவாகச் சபையில் வாய் திறக்காதவள் திறந்ததால் அப்படியே தீர்மானமாக்கிவிட்டார்கள்.

தீர்மானம் எளிது. கரடியின் படத்தைத் தாளில் பெரிதாக அச்சடித்து, படம் எடுத்தவரும் நிலத்துக்காரரும் பின்னால் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தில் ஒட்டினால் அது ஊர்க் கரடி. ஊர்க் கரடி மாட்டைத் தின்றால் ஊர் மந்தையிலிருந்து ஒரு கன்று கொடுத்து ஈடுகட்டுவார்கள். துப்பாக்கியை யாரும் தொடக்கூடாது. புத்தகத்தில் இல்லாத கரடி மாட்டை அடித்தால் மாட்டுக்காரன், இதுதான் அடித்தது என்று தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, துப்பாக்கியோடு மேலே போகலாம். எந்தக் கரடியையும் சுடக்கூடாது என்பதுதான் அரசாங்கச் சட்டம். ஆனால் சட்டம் நகரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ரோடு அறுந்துவிடும்.

ஒன்பது வருடத்தில் பதினோரு கரடிகள் புத்தகத்தில் ஏறின. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை அபெலார்தோ அறுந்த கயிற்றோடு அவள் வாசலில் வந்து நின்றார். ஏழெட்டு மாடு வைத்திருக்கும் மனிதர், அறுபதை நெருங்குகிறவர். ஊரில் அவர் குரல்தான் பெரிய குரல். பள்ளத்தாக்கு ஓரம் கட்டியிருந்த கிடேரிக் கன்றைக் காணோம் என்று தேடியவருக்கு, ஓடையில் எலும்பும் தோலும்தான் கிடைத்தன.

"பாரு எல்வியா. இரண்டு விரல் தடிமன் கயிறு. நூல் மாதிரி அத்துப் போட்டிருக்கு. இது கரடியா, ராட்சசனா?"

"எங்க கட்டியிருந்தீங்க அண்ணே?"

"சமதரையிலதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம்கூடப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். நல்லா மேஞ்சுகிட்டிருந்துச்சு, பாவம்."

அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கேமராப் பெட்டி இருந்தது. எல்வியா ஏறினாள், கேமராவின் மெமரி கார்டை எடுத்தாள், இறங்கினாள், முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி படங்களைப் போனில் ஏற்றிப் பார்த்தாள். சனிக்கிழமை காலை ஆறு பத்து. பனிக்குள் ஒரு கரடி, முகத்தை நேராகக் காட்டிக்கொண்டு. இளங்கடுவன். வலது கண்ணில் அரை வளையம், இடது கண்ணில் ஒன்றுமே இல்லை, தாடையில் கோணலாக ஒரு வெள்ளைப் பொட்டு. ஒன்பது வருடத்தில் பார்க்காத முகம்.

அபெலார்தோ போனை வாங்கி, இரண்டு விரலால் முகத்தை விரித்தார். "இவன்தான்." அவர் மனைவி விரித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரன் விரித்துப் பார்த்தான். முகம் விரிய விரிய மற்றதெல்லாம் திரைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் இரண்டு நொடி பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார்கள்.

"புத்தகத்துல இருக்கானா?" என்று கேட்டார் அபெலார்தோ.

"ஞாயித்துக்கிழமை சபையில தாளா வைக்கிறேன். அங்க பார்த்துக்கலாம்."

"வை, வை. நான் அதுக்குள்ள துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன்."

புத்தகத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எட்டு நாளில் அந்தப் பொட்டுத் தாடைக்காரன் செத்துவிடுவான் என்பதும் தெரியும். அதற்கான தாளைக் கொண்டுவரப் போகிறவளும் அவள்தான்.

சனிக்கிழமை பக்கத்து நகரமான இபார்ராவுக்கு பஸ் ஏறினாள். அங்கே எல்லாரும் மரியாதையாகத் 'தோன்' போட்டுக் கூப்பிடும் ஒல்மெதோவின் போட்டோக் கடை. பள்ளிக்கூட அட்டைப்படம், கல்யாணம், கல்லறையில் பதிக்கிற படம் எல்லாம் அவர்தான். எல்வியாவின் பதினோரு கரடிகளையும் அச்சடித்தவரும் அவரே. காலையில் கொடுத்தாள், மதியம் உறையை வாங்கினாள், பஸ் நிலையத்தில் வறுத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டே பிரித்தாள்.

உள்ளே இருந்தது வேறொரு கரடி. இரண்டு கண்ணிலும் வட்டமான, சுத்தமான, சம அளவுள்ள வெள்ளை வளையம். தாடையில் பொட்டு இல்லை. ஞானஸ்நானத்துக்குக் கூட்டிப்போகத் தயாரான மாதிரி இருந்தது.

பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தாள்.

"தோன் ஒல்மெதோ, இது யாரு?"

"உங்க கரடிதான், தோன்யா எல்வியா."

"என் கரடிக்குத் தாடையில பொட்டு இருந்துச்சே."

"எடுத்துட்டேன். கண்ணும் ஒரு பக்கம் அழிஞ்சாப்பல இருந்துச்சு, அதையும் சரி பண்ணிட்டேன். பார்க்க எப்படி இருக்கு?"

"யாரு உங்கள சரி பண்ணச் சொன்னது?"

ஒல்மெதோ உண்மையிலேயே புண்பட்டுப் போனார். "சொல்லணுமா? முப்பது வருஷமா என் கடையிலருந்து ஒரு முகம் குறையோட வெளிய போனதில்ல. உங்க பாதிரியாரோட அம்மாவுக்கு மூக்குல மரு. கல்லறைப் படத்துல எடுத்துட்டேன். குடும்பமே அழுதுச்சு."

எல்வியா அச்சைக் கல்லாப் பலகையில் வைத்தாள். "முதல்ல கொண்டுவந்த கரடிங்களையும்?"

"எல்லாத்தையும்தான். பதினோரு கரடி. ஒண்ணாவது வந்து குறை சொல்லிச்சா?"

பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தாள். புத்தகத்தில் கரடிகள் அழகாக இருப்பதை அவளும் கவனித்திருக்கிறாள். நல்ல தாள், அதனால் அப்படித் தெரிகிறது என்று நினைத்திருந்தாள். தரம் பிரிக்கும் கண் என்று ஊர் சொன்ன கண்! அந்தக் கண் போனில் இருந்த பதினான்காயிரம் படங்களையும் சளைக்காமல் பார்த்தது. ஒட்டி முத்திரை குத்தியதை மட்டும் திரும்பப் பார்க்கவேயில்லை. தாளில் வந்துவிட்டால் அது உண்மை என்று ஊருக்குச் சொன்னவளே அவள்தானே.

அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. பதினோரு கரடிக்கும் ஒரே மாதிரி அழகான முகம். அதனால்தான் கீழே இறங்கி மாட்டுக்காரர்கள் தூரத்தில் கண்ட எந்தக் கரடியும் புத்தகத்தில் ஏதோ ஒன்றைப்போலவே இருந்தது. அதனால்தான் ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. ஒன்பது வருடமாகக் கரடிகளைக் காப்பாற்றியது அவள் ஏறிய ஏற்றம் இல்லை. ஒல்மெதோவின் தூரிகை.

"இருக்கறபடியே ஒண்ணு போட்டுக் குடுங்க," என்றாள்.

ஒல்மெதோ முனகிக்கொண்டே அச்சடித்தார். "முகம் மட்டும்தான் என் வேலை. கீழ கன்னுக்குட்டி கிடக்கு பாருங்க, அத நான் ரெண்டுலயும் தொடல. அதுக்கு முகம் தெரியல." தாளை நீட்டும்போது கடை முத்திரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "இதுக்கு என் கடைப் பேரைப் போடமாட்டேன். யாராவது கேட்டா வேற கடைன்னு சொல்லிடுங்க."

பஸ்ஸில் மடியில் இரண்டு உறைகள். அழகன் ஒரு உறையில், பொட்டுத் தாடைக்காரன் இன்னொன்றில். அழகனை வைத்தால் நாலாம் நம்பர் கரடியோடு அச்சாகப் பொருந்துவான்; அபெலார்தோவுக்கு ஒரு கன்று கிடைக்கும், துப்பாக்கி பரணுக்குப் போகும், ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. உள்ளதை வைத்தால் ஒரு உயிர் போகும். இவ்வளவு சுலபமாக நல்லது செய்கிற வாய்ப்பு அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆனால் பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். சொன்ன பிறகு அதைக் கட்டிக் காக்க வேண்டும். அடுத்த கரடிக்கு ஒன்று, அதற்கடுத்ததற்கு ஒன்று என்று அச்சடிக்க வேண்டும். எல்வியாவுக்கு ஐம்பத்தோரு வயது. பேட்டரி சுமக்கவே முதுகு போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பள்ளிக்கூட அறையில் சபை கூடியது. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைவி தெல்பினா புத்தகத்தைத் திறந்து வைத்தாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல வார்த்தையைப் பொறுக்கிப் பேசுகிறவள். அபெலார்தோ முன்வரிசையில், துப்பாக்கி வீட்டில் இருந்தாலும் தோளில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

எல்வியா எழுந்தாள். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் புத்தகத்துல இருக்கற பதினோரு கரடிக்கும் போட்டோக் கடைக்காரர் முகத்தைத் திருத்தி இருக்காரு. எனக்கே நேத்துத்தான் தெரியும். இதையும் திருத்தித்தான் முதல்ல குடுத்தாரு, நான் உள்ளபடி இன்னொண்ணு போட்டு வாங்கிட்டு வந்தேன்."

சலசலப்பு எழுந்தது.

"அப்ப ஒம்பது வருஷமா நாம எந்தக் கரடிக்காகக் கன்னு குடுத்தோம்?" என்றது பின்வரிசை.

"அதே கரடிங்களுக்காகத்தான். தலை வாரிவிட்டிருக்கு, அவ்வளவுதான்," என்றாள் தெல்பினா. சிரித்தார்கள். எல்வியா சிரிக்கவில்லை.

அபெலார்தோ சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "தாள விடு. உன் கண்ணுக்குத் தெரியும்ல. நீ சொல்லு, இது நம்ம கரடியா?"

எல்வியா தாளைத் தெல்பினா முன்னால் வைத்தாள்.

"இல்ல அண்ணே. புதுசு. இதுக்கு முன்னால நான் பார்த்ததில்ல."

"முடிஞ்சுது. நாளைக்குக் காலையில ஏறுறேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றாள் தெல்பினா. "பின்னால கையெழுத்துப் போடுங்க. என் நிலம், என் மாடு, இந்த மிருகம்தான்னு. போட்டுட்டு ஏறுங்க."

அபெலார்தோ தாளை வாங்கினார். பேனா வரவேண்டியிருந்தது, யாரிடமோ இருந்தது, எழுதவில்லை, இன்னொன்று தேடினார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தாளைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தாளை விரிக்க முடியாது, ஒதுக்க முடியாது. மொத்தமும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும். முகத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. அவர் கண் கீழே இறங்கியது, அவருடைய கன்றுக்கு. ஊரில் அத்தனை பேரும் கரடியைப் பார்த்தார்கள். கன்றைப் பார்க்க அவர் ஒருவர்தான் இருந்தார்.

பேனா வந்தது. அவர் வாங்கவில்லை.

"என்ன அண்ணே?" என்றாள் எல்வியா.

"வயிறு ஊதியிருக்கு," என்றார், யாரிடமும் இல்லாமல்.

எல்வியா பக்கத்தில் போய்க் குனிந்தாள். சரிவின் ஓரத்தில் ஒரு வேர்க்கட்டை. கயிறு அதை மூன்று சுற்றுச் சுற்றி, கன்றின் கழுத்துக்கு விறைப்பாக இறங்கியிருந்தது. கன்று சரிவில் தொங்கியபடி கிடந்தது, வயிறு மேளம்போல. கயிறு அறுந்திருக்கவில்லை. கரடி ஒரு முழம் தள்ளி நின்று, மூக்கை நீட்டி மோப்பம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்து அறுத்ததெல்லாம் பிறகு நடந்திருக்க வேண்டும். தாளின் அடியில் கேமரா குத்திய தேதி: சனிக்கிழமை, ஆறு பத்து.

ஊதுவதற்கு இந்தக் குளிரில் ஒரு நாளாவது ஆகும். மாடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த கணக்கு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்று நன்றாக மேய்ந்துகொண்டிருந்ததாகச் சொன்னவர் அபெலார்தோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழூரில் வாலிபால் போட்டி. அவர் நடுவராக நின்று கத்தியதை அந்த அறையில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். இதுவரை யாருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டு, தாளைக் கவிழ்த்து, பசை தடவக் கொடுத்திருக்கலாம். எல்வியா வாயைத் திறந்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

"என் கயிறுதான்," என்றார் அபெலார்தோ. அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. "சமதரையில புல்லு இல்ல. சரிவுல கட்டினேன். வியாழக்கிழமை. அப்புறம் போகல."

பின்வரிசையில் யாரோ, "போட்டியில யாரு ஜெயிச்சது?" என்றான். தெல்பினா அவனைப் பார்த்த பார்வையில் அவன் பெஞ்சுக்குள் சுருங்கிவிட்டான்.

"கன்னு தானா செத்திருக்கு. கரடி அடிக்கல. அதனால இது புதுசா வந்த ஆள், அவ்வளவுதான்," என்று தெல்பினா புத்தகத்தில் எழுதத் தொடங்கினாள். "கையெழுத்துப் போடுங்க. பன்னிரண்டாவது."

அபெலார்தோ போட்டார். எல்வியா போட்டாள். தாள் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"மத்த கரடியெல்லாம் எவ்வளவு லட்சணமா இருக்கு."

"இது எங்க மச்சான் மாதிரி இருக்கு."

தெல்பினா பசை தடவி ஒட்டினாள். "பழைய பதினொண்ணும் அப்படியே இருக்கட்டும். கையெழுத்தெல்லாம் நம்ம கையெழுத்துதானே. எல்வியா, நீ மெதுவா ஒவ்வொண்ணா மறுபடி எடுத்துடு."

மெதுவாக என்றால் எப்படியும் ஒரு வருடம். எல்வியா சரி என்று தலையாட்டினாள். இந்தத் தடவையும் அவளை யாரும் கேட்கவில்லை.

வெளியே வரும்போது அபெலார்தோ பின்னாலேயே வந்தார். "இன்னொரு படம் இருக்குன்னு சொன்னியே. கடைக்காரன் திருத்தினது."

"இருக்கு. எதுக்கு அண்ணே?"

"குடு. வீட்டுல இருக்கட்டும்."

கொடுத்தாள். அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பையில் ஒரு தாள் எடை குறைந்தாலும் நல்லதுதான்.

ஆகஸ்டில் தலைமடைக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டு அபெலார்தோ வீட்டில் ஒதுங்கினாள். வெல்லத் தண்ணீரும் பாலாடைக்கட்டியும் கொடுத்தார்கள். சுவரில் மாதா படத்துக்கும் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே கரடி தொங்கியது. நல்ல சட்டம், கண்ணாடி போட்டது. மகளும் ஒல்மெதோ கடைதான் என்பது கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கரடிப் படம் மட்டும் கொஞ்சம் குட்டையாக இருந்தது. எல்வியா டம்ளரோடு எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். அடிப்பாகத்தைக் கத்தரிக்கோலால் நேராக, வெகு கவனமாக வெட்டியிருந்தார்கள். கன்று இல்லை, கயிறு இல்லை, தேதியும் இல்லை.

"நல்லா இருக்குல்ல?" என்றார் அபெலார்தோ அடுப்படியிலிருந்து.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்றாள் எல்வியா. மழை விட்டிருந்தது. பேட்டரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாலாம் நம்பர் கரடியை அன்றைக்கு எடுத்துவிட முடிந்தால் இன்னும் பத்து பாக்கி.